பொந்தும் பெட்டியும்

ஓர் உயிருக்குத் தேவையானவை என்று நாம் கணக்கெடுத்த அனைத்தையும் அதற்குக் கொடுத்துவிட்டால், அவ்வுயிர் தொடர்பான நமது கடமை முடிந்துவிடுகிறதா? கேள்வி புதியதல்ல. ஆனால் மனிதரை வைத்தே இதனைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். மிஞ்சிப்போனால் ஆட்டையும் மாட்டையும் வைத்துக் கேட்டிருப்போம். நான் இங்கு பாம்பை வைத்துக் கேட்க விரும்புகிறேன். நமது இரக்கம் இலகுவில் போய்ச் சேராத உயிர் என்பதே அதனைத் தெரிவு செய்ததற்குக் காரணம். பூனைக்குட்டி ஒன்று மழையில் நனைந்தால் நெஞ்சு தானாகவே இளகிவிடுகிறது. அங்கே நியாயம் பேச வேண்டிய அவசியம் குறைவு. நெஞ்சு இளகாத இடத்தில்தான் நியாயம் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டியிருக்கிறது.

தமிழில் ஆடு வளர்க்கிறோம், கோழி வளர்க்கிறோம், பிள்ளை வளர்க்கிறோம். மூன்றுக்கும் ஒரே வினைச்சொல். பாம்பை வளர்ப்பது மாத்திரம் உவமைக்குள்ளே நிகழ்வது. அதுவும் நன்றி கெட்டவனைக் குறிப்பதற்காக. ஊரில் பாம்பைக் கண்டால் அடிப்பதா விடுவதா என்ற கேள்வியே எழும். அதை எப்படிப் பராமரிப்பது என்று எவரும் கேட்பதில்லை. நமது நாட்டு மலைப்பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது சட்டப்படியும் குற்றம். மேற்கு நாடுகளில் நிலைமை வேறு. அங்கே பாம்பு ஒரு வளர்ப்புப் பிராணி. பாம்பு வைத்திருப்பவரை ஆங்கிலத்தில் 'கீப்பர்' என்று அழைக்கிறார்கள். வைத்திருப்பவர், காப்பவர் ஆகிய இரண்டு பொருளும் அந்தச் சொல்லுக்குள் உண்டு. அவ்விரண்டும் ஒன்றுதானா என்பதே இக்கட்டுரையின் விசாரணை எனலாம்.

இங்கிலாந்தின் வடபகுதி நகரொன்றில் சில ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். நான் அறையெடுத்துத் தங்கிய வீட்டின் மேல்மாடியில் ஓர் ஆங்கிலேய இளைஞன் 14 பாம்புகளை வைத்திருந்தான். அவன் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவற்றைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. இதைத் தொலைபேசியில் உம்மாவிடம் சொன்னபோது, "என்ன மகன், பாம்புக்குமா நேரத்துக்குத் தண்ணி வைக்கிறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். அவருடைய சிரிப்பில் நியாயம் இருந்தது. ஆயினும் அந்த வேலையைச் செய்யச் செய்ய, அதற்குள் சிரிப்புக்கு அப்பாற்பட்ட ஏதோவொன்று இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

அவை அனைத்தும் ஒரே இனம். பிரித்தானியாவில் அரச மலைப்பாம்பு என்றும், அமெரிக்காவில் பந்து மலைப்பாம்பு என்றும் பெயர். அச்சமுற்றால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்வதால் வந்த பெயர் அது. செனகல் முதல் உகண்டா வரை ஆபிரிக்காவின் புல்வெளிகளிலும் திறந்த காடுகளிலும் வாழ்வது. நஞ்சில்லாதது. வளர்ந்த பின்னரும் பெரும்பாலும் ஒரு மீற்றருக்கும் ஒன்றரை மீற்றருக்கும் இடைப்பட்ட நீளமே இருக்கும். பகலில் எலி வளைகளுக்குள்ளும் கறையான் புற்றுகளுக்குள்ளும் கிடந்துவிட்டு இரவில் வெளியே வரும்.

இளைஞனின் அறையில் இப்பாம்புகள் கண்ணாடித் தொட்டிகளில் இருக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் உடுப்புகளை வைப்பதற்காகக் கடைகளில் விற்கும் தட்டையான பிளாஸ்டிக் பெட்டிகளை அலுமாரி இழுப்பறைகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகளில் செருகியிருந்தான். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பாம்பு. பெட்டியின் ஒரு முனைக்குக் கீழே மின்சூடு தரும் பட்டி ஓடியது. சூடு மிகாமலிருக்க அது தேமோஸ்டாட் கருவியுடன் இணைக்கப்பட்டிருந்தது. சூடான முனையில் 31, 32 பாகை செல்சியசு. மறுமுனையில் 25, 26 பாகை. உடம்பை ஒட்டினாற்போல் நுழைந்து கிடக்க இரண்டு மறைவிடங்கள். ஒரு தண்ணீர்க் கிண்ணம். ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை, பெரியதாயின் இன்னும் தாமதித்து, உறைநிலையிலிருந்து எடுத்து இளகவைத்த எலியொன்று. பராமரிப்பின் பெரும்பகுதி இவ்வளவுதான்.

எஞ்சிய பகுதி ஈரப்பதன். கடினமான பகுதியும் அதுவே. பாம்பு தனது தோலை ஒரே துண்டாகக் கழற்ற வேண்டும். கண்ணின் மேலுள்ள ஒளி ஊடுருவும் செதிலும் அத்தோலோடு சேர்ந்து வர வேண்டும். பாம்புக்கு இமை கிடையாது. அந்தச் செதிலே கண்ணுக்குக் காவல். காற்று வறண்டிருந்தால் சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும். வால் நுனியில் வளையமாக இறுகி இரத்தவோட்டத்தைத் தடுக்கும். கண் மூடி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். இதற்கு மாறாக, ஈரம் மிகுந்து காற்றோட்டம் இல்லாதுபோனால் வயிற்றுச் செதில்கள் அழுகத் தொடங்கும், சுவாசத் தொற்று உண்டாகும். வாயைத் திறந்து மூச்சுவிடும், மூக்கில் சளி கொப்புளிக்கும். ஆகவே சாரீரப்பதன் ஏறத்தாழ 60 முதல் 80 வீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது இன்றைய பாம்பு வளர்ப்போர் பலரது நிலைப்பாடு.

இங்குதான் புதியவர்கள் இடறுகிறார்கள். தண்ணீரைத் தெளித்தால் ஈரப்பதன் கூடிவிடும் என்று நினைத்துக் காலையும் மாலையும் தெளிகருவியோடு நிற்கிறார்கள். மானியில் எண் ஏறும். சற்று நேரத்தில் மீண்டும் இறங்கிவிடும். பாடசாலையில் படித்த விஞ்ஞானமே இதற்குப் போதுமானது. சாரீரப்பதன் என்பது காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் அதில் உள்ளது என்பதாகும். காற்றைச் சூடாக்கினால் அது கொள்ளக்கூடிய அளவு கூடும். உள்ள நீராவி மாறாமலே வீதம் விழுந்துவிடும். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் இதையே செய்கின்றன. அதன்மேல் பெட்டிக்குள் இன்னொரு சூடு. எனவே தெளிப்பதைவிட, ஈரம் மெல்ல மெல்ல எழும் ஏற்பாடுதான் வேண்டும். படுக்கைப் பொருளை நான்கைந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போட்டு, மூலைகளில் தண்ணீரை ஊற்றினால் அடிப்படை ஈரமாகவும் பாம்பு கிடக்கும் மேற்பரப்பு உலர்ந்தும் இருக்கும். அகன்ற கிண்ணத்தைச் சூடான பக்கம் நகர்த்தினால் ஆவியாதல் கூடும். பெட்டியில் இட்ட துளைகளில் சிலவற்றை ஒட்டி மூடுவதும் திறப்பதுமாகச் சமநிலையைக் கண்டுகொள்ளலாம். மேற்பக்கம் வலை போட்ட கண்ணாடித் தொட்டியில் நாளெல்லாம் போராடினாலும் கிடைக்காத எண் பிளாஸ்டிக் பெட்டியில் எளிதில் கிடைத்துவிடும். பெட்டியை விரும்புவோர் முதலில் சொல்லும் காரணம் இதுதான்.

மானியைச் சோதிக்கும் முறை ஒன்றையும் அந்த இளைஞனிடம் கற்றேன். ஒரு மூடியில் உப்பைப் போட்டுச் சில துளி நீரால் ஈரமாக்கி, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் சில மணிநேரம் வைத்தால் உள்ளே 75 வீதம் நிற்கும். மானி அதே எண்ணைக் காட்டினால் நம்பலாம். படுக்கைப் பொருளும் எனக்குப் பழக்கமானதே. நீரில் ஊறவைத்தால் பல மடங்காகப் பொங்கும் தும்புச்சோற்றுக் கட்டி. பொதியைத் திருப்பிப் பார்த்தபோது இலங்கை உற்பத்தி என்றிருந்தது. நமது கரையோரத்துத் தென்னையின் கழிவு, ஆபிரிக்கப் பாம்பொன்றுக்கு ஐரோப்பியக் குளிரில் ஈரம் கொடுக்கிறது. வியாபாரத்துக்கு எல்லை இல்லை என்பது ஒருபுறமிருக்க, இவ்வளவு தூரம் சென்று சேரும் அக்கறை எத்தகையது என்ற கேள்வியும் எனக்குள் எழுந்தது.

அக்கறை இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவன் பெட்டிகளை நேரத்துக்குச் சுத்தம் செய்தான். ஒட்டிய தோலை ஒருபோதும் பிடித்து இழுக்க மாட்டான். ஈரத் துணிக்குள் பாம்பை ஊரவிட்டுத் தானாகக் கழல விடுவான். ஒவ்வொன்றுக்கும் எடை, உணவு, சட்டை கழற்றிய திகதி எழுதிய அட்டை இருந்தது. பெட்டிகள் சிறியவையல்லவா என்று கேட்டபோது அவன் தந்த பதிலும் எளிதில் தள்ளக்கூடியதன்று. "இவை காட்டிலும் பொந்துக்குள்தான் கிடக்கின்றன. இருட்டும் இறுக்கமும் ஈரமுமே இவற்றுக்குப் பாதுகாப்பு. பெரிய கண்ணாடித் தொட்டியில் மாதக்கணக்கில் உண்ணாமல் கிடந்த பாம்பு பெட்டிக்கு மாற்றியதும் உண்டது. உண்கிறது, சட்டை கழற்றுகிறது, முட்டையிடுகிறது. வேறு என்ன வேண்டும்?"

வேறு என்ன வேண்டும் என்ற இந்தக் கேள்வியை நாம் பல இடங்களில் கேட்டிருக்கிறோம். நமது ஊர்க் கடைகளில் ஃபைட்டர் மீன்களை ஜாம் போத்தல்களில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். கேட்டால், இந்த மீன் சேற்றுக் குட்டையிலும் வயல் நீரிலும் வாழ்வதுதானே என்பார்கள். நான் இரவுப்பணி செய்யும் முதியோர் இல்லத்திலும் கேள்வி வேறு உருவத்தில் உண்டு. எத்தனை மில்லிலீற்றர் நீர் அருந்தினார், எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்கப்பட்டார், அறையின் வெப்பநிலை என்ன என்பதற்கெல்லாம் படிவத்தில் கட்டங்கள் உள்ளன. அவை அவசியமானவை, அவை இல்லாத இடத்தில் மனிதர்கள் புண்பட்டுச் சாகிறார்கள். ஆனால் நள்ளிரவில் ஒருவர் எழுந்து, மழை பெய்கிறதா, சன்னலடிக்குப் போக வேண்டும் என்று கேட்டால் அதைக் குறித்துக்கொள்ளக் கட்டம் இல்லை. எல்லாக் கட்டங்களிலும் சரியடையாளம் விழுந்த பின்னரும் ஏதோவொன்று மிஞ்சி நிற்கிறது. அது என்னவென்பதைப் பாம்பிடமிருந்து தெளிவாகக் கற்க முடியும் என்பது எனது எண்ணம்.

உண்பதும் இனம் பெருக்குவதும் நலத்தின் அடையாளமா என்பதை முதலில் பார்ப்போம். சிறு கம்பிக் கூடுகளில் அடைக்கப்பட்ட கோழிகளும் முட்டையிட்டுக்கொண்டுதான் இருந்தன. அத்தகைய பண்ணைகளை ஆராய்வதற்குப் பிரித்தானிய அரசாங்கம் நியமித்த பிராம்பெல் குழு 1965இல் தனது அறிக்கையை வெளியிட்டது. எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, அவயவங்களை நீட்ட ஒரு பிராணிக்கு இடம் இருக்க வேண்டும் என்று அது கூறியது. பாம்புக்கு நீட்டுவதற்கு அவயவம் இல்லை, உடம்புதான் உண்டு. ஒன்றேகால் மீற்றர் நீளமான உடம்பு 80 சென்ரிமீற்றர் பெட்டிக்குள் ஒருபோதும் முழுமையாக நீள முடியாது. பாம்பு சுருண்டே இருக்கும், நீள விரும்பாது என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த கருத்து. கிளிஃபோர்ட் வோரிக்கும் அவரது சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், விலங்குக் காட்சிச் சாலைகளில் அவதானிக்கப்பட்ட 65 பாம்புகளில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டவை ஒரு மணிநேரத்துக்குள்ளேயே நேராகவோ ஏறத்தாழ நேராகவோ நீண்டு கிடந்தன. பாம்புகள் நீள்வதில்லை என்று நாம் நம்பிக்கொண்டிருந்ததற்கு, அவை நீள்வதற்கு இடம் விடாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது பொந்து பற்றிய வாதம். அதுவே மையமான வாதமும்கூட. பொந்தும் பெட்டியும் பல விதத்தில் ஒத்தவை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டும் இருட்டு, இரண்டும் இறுக்கம், இரண்டும் ஈரம். இரண்டினுள்ளும் மானியை வைத்தால் ஒரே எண்ணைக்கூடக் காட்டலாம். ஆனால் பொந்துக்கு வாசல் உண்டு. பாம்பு அதற்குள் போவது, வெளியே ஏதோவொன்றைச் செய்துவிட்டு. நைஜீரியாவில் மேற்கொள்ளப்பட்டு 1998இல் வெளியான ஆய்வொன்றில், நிலத்தோடு நிலமாகக் கிடக்கும் என்று கருதப்பட்ட இந்தப் பாம்பின் ஆண்கள் மரங்களில் ஏறிப் பறவைகளை உண்பது பதிவாகியுள்ளது. பகலில் பொந்துக்குள் கிடப்பதைக் கண்டு அதன் வாழ்வு பொந்துதான் என்று முடிவு செய்வது, உறங்கும் நேரத்தில் மாத்திரம் ஒரு மனிதனைப் பார்த்துவிட்டு அவனுக்குக் கட்டில் மட்டும் போதும் என்று தீர்ப்பளிப்பதற்கு ஒப்பானது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பாம்புக்கு வாசல் வேண்டும் என்பது உமது ஆசை. பாம்பு அப்படி எண்ணுகிறதா என்பது உமக்கு எப்படித் தெரியும்? உண்மைதான், தெரியாது. வௌவாலாக இருப்பது எப்படியிருக்கும் என்பதை மனிதன் அறிய முடியுமா என்று தோமஸ் நேகல் 1974இல் எழுப்பிய கேள்வி பாம்புக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வௌவாலாவது பாலூட்டி. பாம்புக்கோ முகபாவம் இல்லை. சீறலைத் தவிரக் குரலும் இல்லை. ஆடு பசித்தால் கத்தும்; பூனை அடைபட்டால் கதவைப் பிராண்டும். பெட்டிக்குள் கிடக்கும் பாம்பு நிம்மதியாகக் கிடக்கிறதா, வழியற்றுக் கிடக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்து எளிதில் சொல்லிவிட முடியாது. மிருகங்கள் விடயத்தில் அவை சிந்திக்குமா பேசுமா என்பது முக்கியமல்ல, அவை துன்புறுமா என்பதே முக்கியம் என்று ஜெரமி பெந்தாம் 1789இல் எழுதினார். துன்பத்தை வெளிக்காட்டத் தெரியாத உயிரிடம் அந்தக் கேள்விக்கு விடை பெறுவது எவ்வாறு?

அடைபட்ட பூனை என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வரும் ஹதீஸ் ஒன்று உண்டு. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ளவற்றை அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றியது. உணவளிக்காதது குற்றம் என்பதையே நாம் இதிலிருந்து பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். அது சரியே. உணவளித்து அடைத்து வைத்தலை இது தடுக்கவில்லை என்று ஒருவர் வாதிடவும் இடமுண்டு. ஆயினும் இரண்டாவது பாதி என்னை யோசிக்க வைக்கிறது. தானே தேடித் தின்பது அந்தப் பூனைக்கு இருந்த வழி. அடைத்த கணத்தில் அந்த வழி மூடப்பட்டு, அதன் வாழ்வு முழுவதும் இன்னொருவரின் கையில் வந்து விழுகிறது. அடைப்பவர் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு, ஒரு கவளம் உணவைவிடப் பெரியது என்றே எனக்குப் படுகிறது.

தெரியாமை பற்றிய கேள்விக்கான விடை, பாம்பு வளர்ப்போரின் சொந்த நடைமுறைக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஏன் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் வைக்கப்பட்டிருந்தது? சரியான வெப்பநிலை ஒன்றைக் கண்டுபிடித்துப் பெட்டி முழுவதும் அதையே வைத்திருக்கலாமே? அப்படிச் செய்யாததற்குக் காரணம், பாம்புக்கு இந்த மணிநேரத்தில் எவ்வளவு சூடு வேண்டும் என்பது நமக்குத் தெரியாது. இரை செரிக்கும்போது ஓரளவு, ஓய்வில் இன்னோரளவு, முட்டை சுமக்கையில் வேறோரளவு. அதை அறிவது பாம்பு மாத்திரமே. ஆகவே நாம் ஓர் எண்ணை விதிக்காமல் ஒரு வீச்சைக் கொடுக்கிறோம். பாம்பு நகர்ந்து தெரிந்துகொள்கிறது. ஈரப்பதனிலும் இதே நியாயம்தான். பாசியை நனைத்து வைத்த ஈர மறைவிடம் ஒன்றை மூலையில் வைத்தால், சட்டை கழற்றும் காலம் நெருங்கும்போது பாம்பு தானாக அதற்குள் போகும். முடிந்ததும் உலர்ந்த இடத்துக்குத் திரும்பும்.

இது வெறும் தொழில்நுட்பமாகத் தோன்றலாம். உண்மையில் இதற்குள் ஓர் ஒழுக்க நிலைப்பாடு அடங்கியிருக்கிறது. உன் தேவை எனக்கு முழுதாகத் தெரியாது, ஆகவே நீயே தெரிவு செய் என்று ஓர் உயிரிடம் சொல்லும் நிலைப்பாடு அது. தெரியாமையை ஒப்புக்கொள்பவரின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. தெரியாதுதானே, ஆகவே குறைந்ததே போதும் என்று சொல்லலாம். தெரியாதுதானே, ஆகவே தெரிவுகளை விரிப்போம் என்றும் சொல்லலாம். வெப்பத்திலும் ஈரத்திலும் பாம்பு வளர்ப்போர் இரண்டாவது வழியில் செல்கிறார்கள். இடம் என்று வரும்போது மாத்திரம் முதலாவது வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். இந்த முரண்பாட்டுக்குப் பாம்பின் இயல்பில் காரணம் எதையும் என்னால் காண முடியவில்லை. லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சோளப்பாம்புகளுக்குச் சிறிய அடைப்பையும் பெரிய அடைப்பையும் தெரிவாகக் கொடுத்தபோது அவை பெரியதிலேயே கூடிய நேரத்தைக் கழித்தன. சோளப்பாம்பு வேறு இனம், உண்மை. கேட்கும் முறை எல்லா இனத்துக்கும் ஒன்றே.

அப்படியாயின் முரண்பாட்டின் காரணம் எங்கே? தட்டுகளை அடுக்குபவரின் கணக்கில் என்றே சொல்ல வேண்டும். ஒரு சுவரில் இருபது பாம்புகளை வைக்க முடிவது பெட்டியால்தான். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளில் சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் காட்டிலிருந்து சேகரித்துப் பொரிக்கவைத்து, இலட்சக்கணக்கான குஞ்சுகளைப் பல தசாப்தங்களாக ஏற்றுமதி செய்து வந்திருக்கிறார்கள். அதே பெனினின் வீதா நகரில் மலைப்பாம்புக்குக் கோயில் இருக்கிறது. அங்கே அவற்றைக் கொல்வது பாவம். மேற்கில் இவற்றிலிருந்து வெவ்வேறு நிறங்களும் கோலங்களும் கொண்ட வகைகளை இனப்பெருக்குவது பெரும் தொழிலாக வளர்ந்தது. 1999 முதல் பெருக்கப்பட்ட 'ஸ்பைடர்' என்ற வகை அழகிய வலைக் கோலத்தோடு ஒரு நரம்புக் கோளாறையும் பரம்பரையாகக் கொண்டது. தலை ஆடும், இரையைக் குறிதவறிக் கொத்தும். அது தெரிந்த பின்னரும் அவ்வகை விற்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இங்குதான் காப்பதும் வைத்திருப்பதும் வேறுவேறாகின்றன. தேயிலைக் களஞ்சியத்திலும் ஈரப்பதன் மானி தொங்குகிறது. நெல் களஞ்சியத்திலும் ஈரம் கூடாமலும் குறையாமலும் பார்க்கிறார்கள். சரக்கு கெடாமலிருக்க அது அவசியம். ஆகவே ஈரப்பதனைச் சரியாக வைத்திருப்பது மாத்திரம் பராமரிப்பின் அடையாளமாகிவிடாது. அது களஞ்சியப்படுத்தலின் அடையாளமாகவும் இருக்கலாம். எண் ஒன்றுதான். அந்த எண் யாருக்காக என்பதே வேறுபாடு.

பாம்பை வைத்திருக்கவே கூடாது என்று சொல்லி இப்பிரச்சினையை முடித்துவிடலாமா? எனக்கும் அதில் பாதி உடன்பாடு உண்டு. வாங்காதவருக்கு அது நல்ல விடை. ஆனால் ஏற்கனவே பெட்டிக்குள் இருக்கும் பாம்புக்கு அது விடையாகாது. பல தலைமுறைகளாக அடைப்பில் பிறந்த பாம்பை இங்கிலாந்தின் வயலில் விட முடியாது. குளிரில் செத்துவிடும், வேற்று நாட்டு உயிரினத்தை வெளியில் விடுவது 1981ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டப்படி குற்றமும்கூட. அதன் ஆயுளும் சிறியதன்று. அமெரிக்காவின் சென். லூயிஸ் விலங்குக் காட்சிச் சாலையில் 1961 முதல் இருந்துவந்த இவ்வினப் பெண் பாம்பொன்று, 60 வயதைக் கடந்த நிலையில் 2020இல் ஆண் துணையின்றி முட்டையிட்டது. பாம்புக்குட்டியை வாங்கும் இளைஞன், தன் பேரப்பிள்ளைகள் காணக்கூடிய ஓர் உயிருக்குப் பொறுப்பேற்கிறான்.

அந்த இளைஞன் வேறு நாட்டுக்குப் போக நேர்ந்தபோது பாம்புகளை விற்றான். விலைபோகாத வயதான பெண் பாம்பு ஒன்றை நான் ஏற்றுக்கொண்டேன். அதற்காக 120 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் உயரமும் கொண்ட மரப்பெட்டி ஒன்றைச் செய்வித்தேன். முதல் ஐந்து வாரங்கள் அது மறைவிடத்தை விட்டு அசையவில்லை, இரையையும் தொடவில்லை. அவன் சொன்னதுதான் சரியோ என்று நான் எண்ணிய நாட்கள் அவை. பின்னர் மூன்று பக்கமும் இருளாக்கி, சருகுகளையும் மரப்பட்டைகளையும் நிறையப் போட்டு, ஏறுவதற்கு ஒரு தடித்த கிளையையும் குறுக்கே வைத்தேன். ஆறாம் வாரத்தில் உண்டது. அதன் பிறகு இரவுப்பணி இல்லாத நாட்களில் அது கிளையின் நீளத்துக்கு நீண்டு கிடப்பதைக் காண்கிறேன். அது மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல் அதற்குப் பொருந்துமா என்பதே எனக்குத் தெரியாது. முன்பு செய்ய முடியாதிருந்த ஒன்றை அது இப்போது தானாகச் செய்கிறது என்பது மாத்திரம் எனக்குத் தெரியும்.

இதன் விலையை நான் கொடுக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய பெட்டியில் ஈரப்பதனை நிறுத்துவது கடினம். தும்புச்சோறு கூடுதலாக வேண்டும்; மின்சாரம் கூடும்; சுத்தம் செய்யும் நேரமும் கூடும். சிறிய பெட்டியில் இலகுவாக இருந்தவை அனைத்தும் எனக்கு இலகுவாக இருந்தவை என்பது அப்போதுதான் விளங்கியது. ஒடுங்கிய இடமே அதற்கு நல்லது என்று சொல்வதற்கு முன்னர், அந்த ஒடுக்கத்தால் ஆதாயம் அடைபவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். கூண்டுக் கிளி வைத்திருப்பவரும், ஜாம் போத்தலில் மீன் வைத்திருப்பவரும், நம் பொறுப்பில் விடப்பட்ட முதியவருக்கும் நோயாளிக்கும் இதுவே போதும் என்று முடிவெடுக்கும் நாமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

மனிதருக்கே இடமில்லாத உலகத்தில் பாம்புக்கு இடம் தேடுவது ஆடம்பரம் என்று சிலர் கூறக்கூடும். மனிதருக்கு இடம் மறுக்கப்பட்டபோதும் இதே வார்த்தைகள்தான் சொல்லப்பட்டன: உணவு கொடுத்தாயிற்று, கூரை கொடுத்தாயிற்று, வேறு என்ன வேண்டும்? பாம்புக்குப் பேசத் தெரிந்திருந்தால் விடை சொல்லியிருக்கும். அது பேசாததால் அதன் சார்பில் தீர்ப்பெழுதும் உரிமை நமக்கு வந்துவிடவில்லை. அடைத்து வைத்தவர் அளந்து கொடுப்பதோடு நின்றுவிடாமல், தன்னால் அளக்க முடியாததற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும். அது எவ்வளவு இடம் என்பதை, கூடுமானவரை, அடைபட்டிருப்பதே தெரிவு செய்யட்டும்.